கடல் ஏறுவது வேறு, கரை போவது வேறு

நிந்தவூரிலோ ஒலுவிலிலோ ஒரு தென்னை வேரோடு சாய்ந்து அலைக்குள் கிடந்தால், பார்க்கிறவர்கள் முதலில் பழி போடுவது நிலவின் மேல்தான். அமாவாசைக் கடல், ஏறிவிட்டது என்பார்கள். பறுவ நாளாக இருந்தால் பறுவத்தின் மேல் பழி. நிலவுக்கும் கடலுக்கும் உறவு உண்டு என்பது யாருக்கும் தெரியாததல்ல. ஆனால் அந்த உறவு அம்பாறைக் கரையில் எவ்வளவு பெரியது என்று அளந்து பார்த்தால் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். கல்முனையிலிருந்து பொத்துவில் வரை எங்கே நின்று அளந்தாலும், நிலவின் இழுப்பால் கடல் மட்டம் ஏறி இறங்கும் உயரம், மிகப் பெரிய நாள்களில்கூட, ஏறத்தாழ அரை மீற்றர்தான். முழங்கால் அளவு. சிறிய நாள்களில் அதுவும் இல்லை.

முழங்கால் அளவுத் தண்ணீர் நாளுக்கு இரண்டு தடவை வந்து போவதால் ஒரு தென்னந்தோப்பு காணாமல் போகாது. அப்படிப் போவதாக இருந்தால் எப்போதோ போயிருக்கவேண்டும். இதே நிலவு, இதே கடல்தான் நம் மூத்தப்பாமார் காலத்திலும் இருந்தன. ஆகவே கரையைக் கொண்டுபோவது வேறொன்று. அதைப் பிடிக்குமுன், நிலவின் பங்கைச் சரியாகக் கணக்குத் தீர்த்துவிடுவது நல்லது.

நிலவு பூமியை இழுக்கிறது. நிலவுக்கு அருகேயுள்ள பக்கத்துக் கடலை அது சற்று அதிகமாக இழுக்கிறது, மறுபக்கத்துக் கடலைச் சற்றுக் குறைவாக இழுக்கிறது. இந்த வித்தியாசம்தான் முக்கியம். இதனால் கடல் இரண்டு பக்கமும் உப்புகிறது. பூமி தன் அச்சில் சுற்றும்போது ஓர் ஊர் இந்த இரண்டு உப்பலையும் நாளுக்கு ஒவ்வொரு தடவை கடக்கிறது. அதனால் நாளுக்கு இரண்டு பெருக்கு, இரண்டு வற்று. பள்ளிப் புத்தகத்தில் வற்றுப்பெருக்கு என்று படித்தது இதைத்தான். பூமி ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் நிலவும் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால், அதைப் பிடிக்கப் பூமிக்கு இன்னும் ஏறத்தாழ 50 நிமிடம் வேண்டும். ஆகவே இன்று காலை ஆறு மணிக்குப் பெருக்கு என்றால் நாளை ஏழு மணிக்குச் சற்று முன்னதாக. இரண்டு பெருக்கும் ஒரே உயரமாகவும் இருப்பதில்லை. நிலவு பெரும்பாலும் நிலநடுக்கோட்டுக்கு மேலேயோ கீழேயோ விலகி நிற்பதால் ஒன்று சற்றுப் பெரிது, மற்றது சற்றுச் சிறிது.

சூரியனும் இழுக்கிறது. அது மிகப் பெரியதுதான், ஆனால் வெகு தூரத்தில் இருப்பதால் கடலை உயர்த்துவதில் அதன் பங்கு நிலவின் பங்கில் பாதிக்கும் சற்றுக் குறைவு. அமாவாசையிலும் பறுவத்திலும் சூரியன், பூமி, நிலவு மூன்றும் ஒரே கோட்டில் வருகின்றன. இரண்டு இழுப்பும் கூடுகிறது, பெருக்கு உயர்கிறது, வற்று ஆழமாகிறது. அரைப்பிறை நாள்களில் சூரியனும் நிலவும் செங்கோணத்தில் நின்று ஒன்றின் வேலையை மற்றது குறைக்கின்றன. அந்த நாள்களில் கடல் ஏறுவதும் தெரியாது, இறங்குவதும் தெரியாது.

இந்த ஊர்களில் இதற்கென்று தனி அட்டவணை வாங்கவேண்டியதில்லை. பள்ளிவாசலில் தொங்கும் ஹிஜ்ரி நாட்காட்டி போதும். அமாவாசை முடிந்து ஒன்றிரண்டு நாளில் தலைப்பிறை தெரிகிறது. கடலும் நிலவுக்கு உடனே பதில் சொல்வதில்லை. தண்ணீரின் பருமனும் கடலடியின் உராய்வும் சேர்ந்து, பெருக்கின் உச்சம் அமாவாசைக்கு ஒன்றிரண்டு நாள் பிந்தித்தான் வருகிறது. ஆக, தலைப்பிறையும் பெரிய பெருக்கும் ஏறக்குறைய ஒன்றாக வருகின்றன. பெருநாள் தொழுதுவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போகிறவர்கள் ஷவ்வால் பிறை ஒன்றில் போகிறார்கள். அன்றைய கடல் அந்த மாதத்தின் பெரிய பெருக்குகளில் ஒன்று. சுன்னத்தான நோன்பு பிடிக்கும் 13, 14, 15 ஆம் பிறைகளை ஒட்டி மறுபடியும் பெரிய பெருக்கு. ஏழு, எட்டு, ஒன்பதாம் பிறைகளிலும் இருபத்திரண்டை ஒட்டியும் கடல் சோம்பிக் கிடக்கும். கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசலில் ஜமாதுல் ஆகிர் மாதத் தொடக்கத்தில் கொடி ஏறும்போதும் அப்படியே, பக்கத்துக் கடலும் ஏறி நிற்கும். திருக்கோவிலில் சித்திர வேலாயுத சுவாமி கோயிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குக் கடலில் இறங்குகிறவர்களும் இதே பெருக்கில்தான் நனைகிறார்கள். சூரிய நாட்காட்டியை வைத்துக்கொண்டு கடலைப் பார்க்கும் ஒருவருக்கு இவ்வளவு வசதி கிடையாது.

இன்னொரு பயனும் உண்டு. ஓர் ஊரில் தலைப்பிறையன்று பெருக்கு எத்தனை மணிக்கு வருகிறதோ, அடுத்த தலைப்பிறையன்றும் ஏறத்தாழ அதே மணிக்குத்தான் வரும், பதினைந்தாம் பிறையிலும் அப்படித்தான். ஒரு மாதம் கவனித்துக் குறித்து வைத்தால் வருடம் முழுவதும் ஓரளவு சொல்லிவிடலாம். கெல்வின் பிரபு என்று பிற்காலத்தில் பெயர் பெற்ற வில்லியம் தொம்சன் 1870களில் பற்சக்கரங்களும் கப்பிகளும் வைத்து ஓர் இயந்திரம் செய்தார், துறைமுகங்களின் பெருக்கை முன்கூட்டியே கணக்கிட. நிலவின் ஒவ்வொரு ஒழுங்கையும் அது ஒரு சக்கரமாக்கிக் கூட்டியது. அடிப்படை யோசனை நாட்காட்டியில் குறித்து வைப்பவரின் யோசனைதான், சக்கரங்கள் மட்டும் கூடுதல்.

அரை மீற்றரைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் திறந்த கரையில் பார்க்க முடியாது. அங்கே ஒவ்வோர் அலையும் அதைவிட உயரமாக வந்து குழப்பிவிடும். ஒலுவில் துறைமுகத்துக்குள் போய், அலை வராத உள்பக்கக் கற்களைப் பாருங்கள். தண்ணீர் மட்டத்தை ஒட்டிக் கருமையும் பச்சையுமாக ஒரு பட்டை ஓடும். அதன் கீழ் ஓரத்தில் பாசி வழுக்கும், மேல் ஓரத்தில் கொட்டலசு வெள்ளையாக ஒட்டிக்கொண்டு கையைக் கிழிக்கும். எப்போதும் ஈரத்தில் இருக்கவேண்டியது கீழே, சில மணி நேரம் காய்ந்தாலும் ஓட்டை மூடிக்கொண்டு தாங்கக்கூடியது மேலே. அந்தப் பட்டையின் அகலம்தான் இந்தக் கடலில் நிலவின் ஆட்சிப் பரப்பு. குந்தி இருந்து பார்க்கக்கூடிய அளவு.

ஏன் இவ்வளவு சிறிது? குஜராத்தில் காம்பே வளைகுடாவின் பாவ்நகரில் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையே 10 மீற்றருக்கு மேல். கனடாவின் பண்டி விரிகுடாவில் 16 மீற்றர் வரை. நிலவு ஒன்றுதானே? ஒன்றுதான், ஆனால் நடுக்கடலில் பெருக்கு பெரும்பாலும் ஒரு மீற்றருக்கு உட்பட்டதே. அந்த உப்பல் ஒரு நீண்ட அலையாகச் சமுத்திரத்தைச் சுற்றி வருகிறது. ஆழம் குறைந்த, வாய் அகன்று உள்ளே ஒடுங்கும் வளைகுடாவுக்குள் நுழையும்போதுதான் அது நெருக்கப்பட்டு உயர்கிறது. வளைகுடாவின் நீளம் அந்த அலையின் தாளத்தோடு பொருந்திவிட்டால், சரியான நேரத்தில் தள்ளப்படும் ஊஞ்சலைப் போல ஒவ்வொரு தடவையும் ஆட்டம் கூடுகிறது. பண்டியில் நடப்பது அது. கிழக்கு இலங்கையில் அப்படி எந்த வளைகுடாவும் இல்லை. கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே கடலடி சரிந்து ஆழத்துக்குப் போய்விடுகிறது. அதனால் நடுக்கடலின் பெருக்கு உயரம் கூடாமல் அப்படியே நம் கரைக்கு வந்து சேர்கிறது. நம்மைத் தாண்டி வடக்கே போகும் அதே அலை, வங்காள விரிகுடாவின் தலையில் ஊக்ளியும் மேக்னாவும் கடலில் கலக்கும் ஆழமற்ற பகுதிகளில் ஐந்து மீற்றர் அளவுக்கு எழும்புகிறது. நாம் வாசற்படியில் இருக்கிறோம், கூத்து நடப்பது உள்வீட்டில்.

மாரிக் காலத்தில் மட்டும் கணக்கு மாறும். நவம்பர், டிசம்பரில் நிலவு என்ன செய்தாலும் கிழக்குக் கடலின் சராசரி மட்டமே உயர்ந்துவிடுகிறது. வாடைக் காற்று தண்ணீரைக் கரைப் பக்கம் தள்ளுகிறது. விரிகுடாவின் ஆறுகள் கொட்டிய உப்புக் குறைந்த, பாரம் குறைந்த தண்ணீரை இந்தியக் கிழக்குக் கரையோர நீரோட்டம் நம் பக்கமாகக் கொண்டு வருகிறது. பாரம் குறைந்த தண்ணீர் சற்று உயரமாக நிற்கும். ஆடி, ஆவணியை விட மாரியில் கடல் ஏறத்தாழ ஒரு சாண் கூடுதலாக நிற்பது இதனால். அரை மீற்றர்தான் முழுப் பெருக்கு என்றிருக்கும் கடலில் ஒரு சாண் சில்லறை அல்ல. இதற்கு மேல் தாழமுக்கம் வந்தால், காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறையும்போது கடல் ஒரு சென்ரிமீற்றர் உயரும். 1978 நவம்பர் 23 சூறாவளியை மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் கண்டவர்களுக்குக் காற்று கடலை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

2004 டிசம்பர் 26 பறுவ நாள், போயா விடுமுறை. அதனாலேயோ என்னவோ, சுனாமியையும் நிலவையும் முடிச்சுப் போட்டுப் பேசுகிறவர்களை இன்றும் கேட்கலாம். அன்று அம்பாறை மாவட்டத்தில் 10,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், நாட்டிலேயே அதிகம் இங்கேதான். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு எல்லாம் ஒரு காலைப் பொழுதில் போயின. நிலவுக்கு அதில் பங்கில்லை, சுமாத்திராவுக்கு அருகே கடலடித் தட்டு எழும்பியது காரணம். ஆனால் ஓர் ஒற்றுமை உண்டு. பெருக்கு அலையும் சுனாமியும் ஒரே பௌதிக விதிப்படி ஓடுபவை. இரண்டினதும் வேகம் கடலின் ஆழத்தை மட்டுமே பொறுத்தது. 4,000 மீற்றர் ஆழத்தில் மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீற்றர். சுமாத்திராவிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அது வந்து சேர்ந்தது அப்படித்தான். காற்று எழுப்பும் சாதாரண அலைக்கு இந்த வேகமும் கிடையாது, அடிவரை தண்ணீரை அசைக்கும் ஆழமும் கிடையாது.

இனிக் கரைக்கு வருவோம்.

பெருக்கு சிறியது என்பதால் இந்தக் கரைக்கு வந்த முதல் விளைவு, முகத்துவாரங்கள் அடைபடுவது. இது கடலோர ஊர்களோடு நிற்பதல்ல. சாகாமம் கடலோர ஊர் அல்ல. திருக்கோவிலுக்கு உள்நாட்டுப் பக்கமாகக் குளமும் வயலுமாக இருக்கும் இடம். ஆனாலும் சாகாமம் போன்ற இடங்களில் வேளாண்மை செய்கிறவர்களுக்கும் கடலோரம் நடக்கும் காரியம் தூரத்துக் காரியமல்ல. குளங்களிலும் வயல்களிலும் வடிகிற தண்ணீர் களப்புகளில் சேர்ந்து ஒரு முகத்துவாரம் வழியாகத்தான் கடலுக்குப் போகவேண்டும். முகத்துவாரத்தைத் திறந்து வைத்திருப்பது நாளுக்கு நான்கு தடவை உள்ளேயும் வெளியேயும் ஓடும் பெருக்கு நீர். களப்பின் பரப்பைப் பெருக்கின் உயரத்தால் பெருக்கினால் வரும் தண்ணீர்தான் அதற்குள்ள பலம். களப்பு சிறியது, பெருக்கு அரை மீற்றர், பலம் எங்கே இருந்து வரும்? அலை கொண்டுவந்து போடும் மணலை அதனால் வெளியே தள்ள முடிவதில்லை. கோடையில் வாய் அடைந்து மணல் திட்டாகிவிடுகிறது. மாரியில் மழைத் தண்ணீர் பின்னால் ஏறி வயலை மூடுகிறது. அப்போது மண்வெட்டியும், இப்போதெல்லாம் பெக்கோ இயந்திரமும் கொண்டுபோய் முகத்துவாரத்தை வெட்டிவிடுகிறார்கள். ஒரு சிறு கால்வாய் போட்டால் போதும், சில மணி நேரத்தில் தண்ணீரே அதை ஆறாக்கிவிடும். எப்போது வெட்டுவது என்பதில்தான் சண்டை. வேளாண்மைக்காரருக்கு இன்றே வெட்டவேண்டும். களப்பில் இறாலும் மீனும் பிடிப்பவருக்கு இன்னும் கொஞ்சநாள் தண்ணீர் நிற்கவேண்டும். வற்று ஆரம்பிக்கும் நேரம் பார்த்து வெட்டினால் தண்ணீர் வேகமாக இறங்கி வாய் அகலமாகும். நிலவு இங்கே உதவக்கூடியது அவ்வளவுதான்.

அந்த மணல் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியில்தான் தென்னை விழுந்த கதையும் இருக்கிறது.

அறுகம்பைக்கு உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் அலைச்சறுக்கு வீரர்கள் வருகிறார்கள், ஏப்ரல் தொடங்கி ஒக்டோபர் வரை. அவர்களை இழுப்பது இங்கே பிறக்கும் அலை அல்ல. தென் சமுத்திரத்தில், அந்தாட்டிக்காவைச் சுற்றி ஓயாமல் வீசும் புயல்கள் எழுப்பிய அலைகள் பல ஆயிரம் கிலோமீற்றர் உருண்டு வந்து பொத்துவில் முனையைச் சுற்றி வளைகின்றன. அவை கரைக்கு நேராக வருவதில்லை. தெற்கிலிருந்து வருவதால் சாய்ந்தே மோதுகின்றன. உடைந்த அலை மணலின் மேல் குறுக்காக ஏறுகிறது, இறங்கும்போது சரிவின் வழியே நேராக இறங்குகிறது. ஒவ்வோர் ஏற்ற இறக்கத்திலும் ஒரு மணல் துணிக்கை வடக்கே ஓரிரு அடி நகர்ந்திருக்கும். அலை சில நொடிக்கு ஒன்று வருகிறது. மாதக் கணக்கில் வருகிறது. உடையும் இடத்துக்குள் தண்ணீரும் வடக்கு நோக்கி ஓடி, கலங்கி மிதக்கும் மணலை இழுத்துச் செல்கிறது. மாரியில் வாடை அலைகள் வடகிழக்கிலிருந்து மோதி இதே மணலைத் தெற்கே திருப்புகின்றன. ஆனால் அது சில மாதங்கள்தான். வருடக் கணக்கை முடித்துப் பார்த்தால் பொத்துவில், கோமாரி, திருக்கோவில், தம்பிலுவில், அக்கரைப்பற்று, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, கல்முனை என்று தெற்கிலிருந்து வடக்காக ஒரு மணல் ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஆறு என்று சொல்லமாட்டேன். முழங்காலளவுத் தண்ணீரில் இறங்கி அசையாமல் நின்றால் காலைச் சுற்றி அது ஓடுவது தெரியும், குதிகாலுக்குக் கீழ் மண் பறிந்து போகும்.

கரைவலைக்காரருக்கு இந்த ஆறு தொழில் அறிவு. சுபஹ் தொழுதுவிட்டு வந்து தோணியில் கயிற்றை விட்டு, வலையை அரைவட்டமாக வளைத்துப் போட்டு, மறு கயிற்றைக் கரைக்குக் கொண்டு வருகிறார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் அம்பாப் பாடி இழுப்பார்கள். "காக்கா, மடி எங்க ஏறும்?" என்று கேட்டால், வலை போட்ட இடத்தைக் காட்டமாட்டார், வடக்கே தள்ளி ஓரிடத்தைக் காட்டி, "அந்தா, அங்கதான் மனே" என்பார். இழுக்கும் ஆட்களும் மெல்ல மெல்ல வடக்கே நகர்ந்தபடியே இழுப்பார்கள். கீரியோ சூடையோ நெத்தலியோ மடியில் துள்ளும்போது, வலை போட்ட இடம் பின்னால் எங்கேயோ இருக்கும். கிழக்கில் கரைவலைக் காலம், கடல் அமைதியாகக் கிடக்கும் சோழக மாதங்கள். அதே மாதங்களில்தான் மணல் வடக்கே போகிறது. ஒவ்வொரு வலைக்கும் உரிய கரைத் துண்டைப் பாடு என்பார்கள். கல்லும் கட்டையும் இல்லாத, வலையை ஏற்றக்கூடிய சாய்மணல் இருந்தால்தான் அது பாடு. மணல் போனால் பாடும் போய்விடும்.

மணல் போகிறதா என்று அறியச் செயற்கைக்கோள் படம் பார்க்கத் தேவையில்லை. பெரிய கடலடித்த மறுநாள் காலை கரையில் கறுப்புக் கோடுகள் கிடக்கும். கையில் அள்ளிப் பாருங்கள், சாதாரண மணலைவிடக் கனம். சிலதில் கருஞ்சிவப்புத் துணிக்கைகள் மின்னும், அவை கார்னெட். கறுப்பு, இல்மனைட். திருக்கோவில் பக்கம் இதைத் தோண்டி எடுக்கும் திட்டத்துக்கு மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தது இந்தக் கறுப்பு மணலுக்காகத்தான். அலை, பாரம் குறைந்த வெள்ளை மணலை வாரிக்கொண்டு போகும்போது இவை பின்தங்கி நிற்கின்றன. கறுப்புக் கோடு தடிக்கத் தடிக்க, அந்த இடத்தில் போன மணல் அதிகம் என்று பொருள்.

இப்படி ஓடும் ஆற்றுக்குக் குறுக்கே கல் அணை போட்டால் என்ன நடக்கும்?

ஒலுவிலில் ஒரு துறைமுகம் வேண்டும் என்பது எம்.எச்.எம். அஷ்ரஃப் துறைமுக அமைச்சராக இருந்த 1990களின் கனவு. 1999 இல் அங்கே வெளிச்சவீடு எழும்பியது. 2000 செப்டெம்பரில் அவர் ஹெலிகொப்டர் விபத்தில் இறந்தார். வேலை தொடங்கியது 2008 இல், டென்மார்க்கின் கடனுதவியிலும் ஒரு டென்மார்க் நிறுவனத்தின் கையாலும். 2013 செப்டெம்பர் 1 ஆம் திகதி திறந்தார்கள். சுற்றுவட்டாரத்து மக்கள் அதை வெறும் கட்டடமாகப் பார்க்கவில்லை. தென்கிழக்குக்கு ஒரு வாசல் என்றே பார்த்தார்கள். ஆழ்கடல் படகுகளுக்கு ஒரு தங்குமிடம், கப்பலுக்கு ஒரு துறை, பிள்ளைகளுக்கு வேலை. அந்த எதிர்பார்ப்பில் பிழையில்லை.

அலைதாங்கிச் சுவர்கள் கடலுக்குள் நீண்டதும் மணல் ஆறு தடைப்பட்டது. தெற்கிலிருந்து வந்த மணல் தெற்குச் சுவரில் முட்டிக் குவிந்து கரை அகன்றது. குவிந்து முடிந்ததும் சுவரின் முனையைச் சுற்றி வந்து துறைமுக வாயிலில் படிந்தது. வாயில் ஆழம் குறைந்து படகுகள் உள்ளே வரவும் வெளியே போகவும் திண்டாடின. வர்த்தகத் துறைமுகமாக அது இயங்கவேயில்லை. வடக்குப் பக்கத்தில் அலைகள் வழக்கம்போல மணலை வாரிக்கொண்டு போயின, ஆனால் ஈடுசெய்ய மணல் வரவில்லை. ஒலுவில் ஊரின் கரை உள்வாங்கத் தொடங்கியது. தென்னைகள், காணிகள், மீன்வாடிகள், கரைவலைப் பாடுகள் என்று ஒவ்வொன்றாய்ப் போயின. பிறகு நிந்தவூர். அதற்கும் வடக்கே மாளிகைக்காட்டு மையவாடிச் சுவர்வரை கடல் வந்த கதையை அந்த ஊரார் சொல்வார்கள். எல்லாவற்றையும் ஒரே துறைமுகத்தின் கணக்கில் எழுதுவது நியாயமல்ல. 1950களின் தொடக்கத்தில் இங்கினியாகலையில் கட்டிய அணை, பட்டிப்பளை ஆறு கடலுக்குக் கொண்டுவந்த மணலைச் சேனாநாயக்க சமுத்திரத்துக்குள் நிறுத்திக்கொண்டது. ஆற்று மணல் அகழ்வு மீதியையும் குறைத்தது. உலகக் கடல் மட்டமும் வருடத்துக்கு மூன்று, நான்கு மில்லிமீற்றர் உயர்ந்துகொண்டிருக்கிறது. ஆனால் இவை மெதுவான காரணங்கள். சுவருக்கு வடக்கே சில வருடங்களில் நடந்ததை இவற்றால் விளக்கமுடியாது. அரிப்பு சுவரின் வடக்கு ஓரத்தில் தொடங்கி, தெற்கே மட்டும் கரை வளர்ந்ததே, அதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

இது யாரும் எதிர்பாராத விடயமும் அல்ல. சென்னைக்காரர்களுக்கு இது நூற்றைம்பது வருடத்துப் பழைய பாடம். 1876 இல் அங்கே துறைமுகச் சுவர்கள் கட்டத் தொடங்கினார்கள். 1881 இல் புயல் உடைத்தது, திரும்பக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையிலும் மணல் வருடக் கணக்கில் வடக்கே போவதுதான். தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து இன்றைய மெரீனாவின் அகலம் வந்தது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் மீனவக் குப்பங்கள் கடலில் போயின. மெரீனாவில் சுண்டல் வாங்கிக்கொண்டு நடக்கிறவர்களுக்கு, தாங்கள் மிதிப்பது ராயபுரத்துக்குப் போகவேண்டிய மணல் என்று தோன்றுவதில்லை. 1980களின் கடைசியில் புதுச்சேரியிலும் துறைமுகச் சுவர் போட்டு நகரத்துக் கடற்கரையை இழந்தார்கள். ஒரே கடல், ஒரே திசை, ஒரே விளைவு.

ஒலுவிலில் வந்த சிக்கல் இன்னும் ஒரு படி மேல். வாயிலில் படிந்த மணலைத் தோண்டித் துறைமுகத்தைத் திறக்கவேண்டும் என்று படகுக்காரர் கேட்கிறார்கள். தோண்டாதே என்று கரையோரத்துக் குடும்பங்கள் கேட்கின்றன. கேட்பவருக்கு முரண்போலத் தெரியும். இரண்டு தரப்பும் சொல்வது பௌதிகப்படி சரி. வாயில் அடைபட்டால் மணல் அதன் மேலாகத் தவழ்ந்து வடக்கே போய்ச் சேரும், அரிப்பு குறையும், ஆனால் படகு நுழையாது. தோண்டினால் படகு நுழையும், ஆனால் அந்தப் பள்ளம் நிரம்பும்வரை வடக்கே மணல் போகாது. படகுக்காரரையும் கரையோரத்துக் குடும்பங்களையும் எதிரெதிராக நிறுத்தியது இவர்களின் குணமல்ல, ஒரு குழியின் கணக்கு.

கல் அடுக்குவது உடனடி மருந்து. ஒலுவிலிலும் நிந்தவூரிலும் அதுதான் செய்திருக்கிறார்கள். கல்லுக்குப் பின்னால் இருக்கும் வீடு தப்பும். ஆனால் கல் வரிசை முடியும் இடத்தில் அலை திரும்பி அடுத்த துண்டைக் கூடுதல் பசியோடு பிடிக்கும். அதற்கும் கல் போட்டால் பசி அடுத்த ஊருக்கு நகரும். கல்லுக்கு முன்னால் சாய்மணல் மிஞ்சாது. வீடு நிற்கும், கரைவலை நிற்காது. மீன்பிடித் துறைமுகம் கட்டிய ஊரில் கரைவலைக்காரன் வலையை எங்கே ஏற்றுவது என்று கேட்க நேர்வது வேதனை.

இதற்கு வேறு வழி உலகத்தில் இல்லாமல் இல்லை. அவுஸ்திரேலியாவில் கோல்ட் கோஸ்ட் கால்வாயில் 1986 முதலும், டுவீட் ஆற்று முகத்துவாரத்தில் 2001 முதலும், சுவருக்குத் தெற்கே சேரும் மணலை பம்பு வைத்து உறிஞ்சி, குழாய் வழியே வாயிலின் அடியால் கொண்டுபோய் வடக்குக் கரையில் கொட்டுகிறார்கள். டுவீட்டில் வருடத்துக்கு ஏறத்தாழ ஐந்து இலட்சம் கன மீற்றர். மணல் ஆற்றை நிறுத்தவில்லை, சுற்றுப்பாதை போட்டுக் கொடுத்தார்கள். திறப்பு விழாவோடு முடியும் வேலை அல்ல இது. துறைமுகம் இருக்கும்வரை வருடாவருடம் பம்பு ஓடவேண்டும், டீசலோ மின்சாரமோ வேண்டும், இயக்க ஆள் வேண்டும். துறைமுகம் கட்டுவதற்குக் கடன் கொடுக்க நாடுகள் முன்வரும். வருடாவருடம் மணல் அள்ளுவதற்குக் கடன் கொடுக்க எவரும் வருவதில்லை. ஒலுவிலுக்குப் பம்பும் குழாயும் பெரிய செலவாகத் தெரியலாம். அப்படியானால் குறைந்த பட்சம் ஒன்று: வாயிலைத் தோண்டும் ஒவ்வொரு தடவையும் அள்ளிய மணலை ஆழ்கடலில் கொட்டாமலும், நிரவலுக்கும் கட்டடத்துக்கும் விற்காமலும், அலை உடையும் ஆழத்திலேயே வடக்குக் கரைக்கு முன்னால் போடவேண்டும். மணல் அகழும் ஒப்பந்தத்தில் எழுதக்கூடிய ஒரு நிபந்தனைதான். சோழகம் தொடங்குமுன் போட்டால் அதைக் கொண்டுபோய் நிந்தவூரில் சேர்க்கும் வேலையை அலை கூலி கேட்காமல் செய்யும்.